பதினஞ்சு புள்ளி, எட்டு வரை

கணக்கு டீச்சரை நடுவராய்ப் போட்டால்
வேறென்ன செய்வாள்,
எண்ணினேன்.

நடு வரிசை பதினைந்து.
மேலும் கீழும் இடுக்குப்புள்ளி, எட்டில் முடிய.
மொத்தம் நூற்று அறுபத்தொன்பது.
பதின்மூன்றின் வர்க்கம்!
யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.
ஏழு 'பி' தரணிகா நிமிரவேயில்லை:
"பாத்து நில்லுங்க டீச்சர்,
உங்க சேலை புள்ளிய அழிக்குது."

பதினஞ்சு வேலம்பாளையம்.
ஊர்ப்பேரிலேயே எண்ணை வைத்திருப்பவர்களிடம்
நான் என்னத்தைச் சொல்ல.
எனக்குக் கோலமும் வராது.
வாடகை வீட்டு வாசலில்
ஒட்டி வைத்தது ஸ்டிக்கர்.

நோம்பிக்கு நாலு நாள்.
மதிலுக்கு அந்தப்புறம் ஓவர்லாக் மெஷின்கள்
ஒரே மூச்சில் இரைகின்றன,
கப்பலுக்கு ஏற்றவேண்டிய சரக்காம்.

கலர்ப்பொடி பாக்கெட் இருபது ரூபாய்.
இவர்கள் வாங்கவில்லை.
மௌலீஸ்வரன் அம்மா பிசிறு வெட்டும் கம்பெனியிலிருந்து
ஒரு சாக்குக் கட்டிங் வேஸ்ட்.
ஜெர்மனிக்குப் போன சட்டையின் கழுத்து வட்டம்,
பாதிச் சிங்கம்,
தலைகீழாய் ஏதோ எழுத்து,
சாயம் சரியாக ஏறாத ரோஸ்.
கத்தரி ஒன்றுதான். மற்றவர்கள் பல்லால் கிழித்தார்கள்.
கரும்புக்குப் பச்சை வந்துவிட்டது,
பானைக்குச் செங்கல் நிறம்.
பொங்கி வழிவதற்கு வெள்ளை பத்தவில்லை.
மௌலீஸ்வரன் தன் பனியனை
இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
முறைத்தேன்.

என் தாளில்
புள்ளிக்குப் பத்து, இழைக்குப் பத்து,
வண்ணப்பொடிக்குப் பத்து, சுத்தத்துக்குப் பத்து.
துணிக்குக் கட்டமே போடவில்லை.
ஓரத்தில் ஒரு கோடு கிழித்துச் சேர்க்கலாமா
என்று யோசித்தபோதுதான்
ஒண்ணாம் வகுப்பு குனா வந்தான்.

ஆடி மாதம் ஒடிசாவிலிருந்து ரயிலேறி வந்தவன்.
தமிழில் அவனுக்கு மூன்று சொல்:
டீச்சர், சோறு, ஒண்ணுக்கு.
முதலாவதையும் மூன்றாவதையும்
சேர்த்துச் சொன்னான்.

தண்ணித் தொட்டிக்கும் கக்கூசுக்கும் நடுவே
சுவரோடு சுவராய்க் கிடந்தது கோலம்.
சுற்றிப் போகலாமென்றால்
இக்கட்டால எட்டாவதின் சூரியன்,
அக்கட்டால ஆறு 'ஏ'யின் மயில்.
மயிலுக்கு வால் வேறு நீளம்.

குனா காலைப் பின்னிக்கொண்டான்.

எடுத்த இழை
எடுத்த இடத்தில் வந்து முடியணும்,
நடுவில் அறுந்தால் போச்சு
என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தவள் தரணிகா.
அவள் அவனைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
உள்ளங்கையால் ரெண்டு வளைவைத் துடைத்தாள்.
"வாடா கண்ணு, இப்படிப் போ."

திறந்த வழியில் ஓடினான்.

திரும்புகையில் அவசரம் தீர்ந்திருந்தது.
வழியை மறந்துவிட்டான், அல்லது
வேண்டாமென்று நினைத்துவிட்டான்.
ஒற்றைக்கால் தூக்கி
நொண்டியடித்து வந்தான் கோலத்துக்குள்.
இடுக்குக்கு இடுக்கு.
பானையைத் தாண்டி,
பாதிச் சிங்கத்தைத் தாண்டி,
கரும்புக்கும் கரும்புக்கும் நடுவே
கையை விரித்து
ஒரு கணம் ஆடி நின்றான்.
ஏழு 'பி' மூச்சு விடவில்லை.
இழை எதுவும் அறுபடாமல்
இக்கரைக்கு வந்து சேர்ந்ததும்
யாரோ கைதட்ட,
பயந்துபோய் வகுப்புக்கே நொண்டிப் போனான்.

மறுபடி எண்ணினேன்.
நூற்று அறுபத்தெட்டு.

ஈரக்கால்.
ஒண்ணாம் வகுப்பு வராந்தாவில்
ஒன்றுவிட்டு ஒரு கல்லில்
ஒற்றைக் குதிகால் வெள்ளை,
மங்கி மங்கி உள்ளே போயிருந்தது.

தாளில் எந்தக் கட்டத்தில் இதைக் கழிப்பது,
எதில் கூட்டுவது?
பேனா மூடியைக் கடித்தபடி நின்றேன்.

"டீச்சர், அந்த வழிய அடைச்சரலாமுங்களா?"
பொடிக் கிண்ணத்தோடு ஒருத்தி.

"இருடி," என்றாள் தரணிகா,
"இண்டர்வெல் வருதில்ல."